நடமாடும் ரோபோவில் இடமறிதல்: எதை முதலில் சரிசெய்வது, எதைக் கடைசியில் தொடுவது

சமதளத்தில் இரண்டு சக்கரங்களால் ஓடும் ஒரு ரோபோ, அதன்மேல் இருபரிமாண லைடார் (ஒளிக்கதிர் வீசித் தூரம் அளக்கும் உணரி), உள்ளே ஒரு ஐஎம்யூ (சுழல்வேகத்தையும் முடுக்கத்தையும் அளக்கும் உணரி), சக்கரங்களில் என்கோடர்கள் (சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவிகள்), இவற்றை இணைக்க ஆர்ஓஎஸ் 2 மென்பொருள் என்ற அமைப்பை இவ்வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. ரோபோ தான் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் தானே கணித்துக்கொள்ளவும், அந்தக் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை நாம் அளந்து சொல்லவும் செய்ய வேண்டிய வேலைகள் இங்கே வரிசைப்படி தரப்பட்டுள்ளன.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வரைபடத்தில் ரோபோ தவறான இடத்தில் நிற்பதைப் பார்த்ததும், துகள் வடிகட்டியின் (இடத்தைக் கணிக்கும் நிரல், ஏழாம் படியில் வரும்) அமைப்புக் கோப்பைத் திறந்து எண்களை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். சக்கர விட்டத்திலோ, லைடார் பொருத்தப்பட்ட கோணத்திலோ, நேர முத்திரையிலோதான் அது ஒளிந்திருக்கும். வடிகட்டி அந்தப் பிழையை ஓரளவு மூடி மறைத்துவிடுவதால் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அடுத்த அறைக்குள் நுழைந்ததும் அதே பிழை மீண்டும் தலைகாட்டும். ஆகவே கீழ்ப்படி உறுதியான பின்னரே மேற்படிக்குச் செல்ல வேண்டும்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

உபுண்டு 22.04 மீது ஆர்ஓஎஸ் 2-இன் ஹம்பிள் பதிப்பு, அல்லது உபுண்டு 24.04 மீது ஜாஸி பதிப்பு. ஹம்பிளுக்கு 2027 வரையிலும், ஜாஸிக்கு 2029 வரையிலும் ஆதரவு உண்டு என்பதால் ஆய்வின் நடுவே பதிப்பை மாற்றும் தேவை எழாது. தொகுப்புகளின் பதிப்பு எண்களை முதல் நாளே குறித்துவைத்து, முடிந்தால் முழுச் சூழலையும் ஒரு டாக்கர் படிமமாகச் சேமித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய முடிவை மீண்டும் பெற முயலும்போதுதான் இதன் அருமை தெரியும்.

15 மீட்டர் அளவுநாடா, தரையில் ஒட்டும் டேப், ஒரு தூக்குக்குண்டு, எட்டும் தொலைவில் ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவையும் வேண்டும். மென்பொருள் ஆய்வுக்குத் தூக்குக்குண்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரோபோவின் மையப்புள்ளி தரையில் எங்கே விழுகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தவறும். நாம் தேடும் பிழையும் பல நேரங்களில் அதே அளவுதான்.

2. ஃபிரேம் மரத்தைச் சரிபார்த்தல்

இடத்தையும் கோணத்தையும் எந்த அச்சுகளை வைத்து அளக்கிறோமோ அந்த அச்சுத்தொகுதியே ஃபிரேம்; ஃபிரேம்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இணைந்திருப்பதே ஃபிரேம் மரம். ஆர்ஓஎஸ் உலகில் இதற்கு இரண்டு ஆவணங்கள் அடிப்படையானவை. ஆர்இபி 103 திசைகளையும் அலகுகளையும் வரையறுக்கிறது: எக்ஸ் அச்சு முன்பக்கம், ஒய் அச்சு இடப்பக்கம், இசட் அச்சு மேல்நோக்கி, தூரம் மீட்டரில், கோணம் ரேடியனில், இடஞ்சுழியாகத் திரும்பினால் கோணம் கூடும். ஆர்இபி 105 ஃபிரேம்களின் வரிசையைச் சொல்கிறது: வரைபடத்துக்குரிய மேப், அதன்கீழ் ஓடம், அதன்கீழ் ரோபோவின் உடலுக்குரிய பேஸ்_லிங்க். உணரிகளின் ஃபிரேம்கள் பேஸ்_லிங்க்கின் கீழ் வரும்.

ஓடோமெட்ரியின் (சக்கரச் சுழற்சியைக் கொண்டு நகர்வைக் கணக்கிடுதல்) சுருக்கமான ‘ஓடம்’ என்ற பெயர் தமிழில் தற்செயலாகப் பொருந்தி வருகிறது. ஓடம் ஃபிரேமில் ரோபோவின் நகர்வு துள்ளலின்றித் தொடர்ச்சியாக இருக்கும், ஆனால் நீரில் விட்ட ஓடம் போல மெல்ல மெல்ல ஒதுங்கிச் செல்லும். மேப் ஃபிரேமில் அப்படி ஒதுங்காது. பதிலாக, வடிகட்டி தன்னைத் திருத்திக்கொள்ளும்போது இடம் சட்டென்று துள்ளும். வேகக் கட்டுப்பாடு ஓடத்தை நம்பியும், பாதைத் திட்டமிடல் மேப்பை நம்பியும் இயங்குவதற்குக் காரணம் இதுதான்.

இங்கே மிகுதியாக நேரும் பிழை, ஓடம்–பேஸ்_லிங்க் இணைப்பை இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் வெளியிடுவது. சக்கரக் கட்டுப்படுத்தியும் வெளியிடும், பல உணரிகளின் அளவீடுகளை ஒன்றிணைக்கப் பின்னர் சேர்க்கப்பட்ட ஈகேஎஃப் வடிகட்டியும் வெளியிடும். திரையில் ரோபோ இரண்டு இடங்களுக்கு இடையே நடுங்கிக்கொண்டிருக்கும். ஈகேஎஃப் சேர்த்த அன்றே கட்டுப்படுத்தியின் ‘எனேபிள்_ஓடம்_டிஎஃப்’ அமைப்பை அணைத்துவிட வேண்டும்.

லைடார் பொருத்தப்பட்ட நிலையைச் சோதிக்க ஒருவரை ரோபோவின் இடப்பக்கம் நிற்கச் சொல்லி, திரையில் அவருடைய கால்கள் எந்தப் பக்கம் தெரிகின்றன என்று பாருங்கள். ஒருமுறை லைடாரைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு, அமைப்பில் அதைக் குறிப்பிட மறந்து, ஒரு முழுப் பிற்பகலை இழந்தேன். செவ்வக அறையில் ரோபோ அசையாமல் நின்றவரை எல்லாம் சரியாகவே தெரிந்தது. அது திரும்பத் தொடங்கியதும், அசையாமல் நிற்க வேண்டிய சுவர்கள் ரோபோவைப் போல இரு மடங்கு வேகத்தில் சுழன்றன. இட வலம் மாறியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

3. நேர முத்திரைகள்

ஒவ்வொரு அளவீட்டின் நேர முத்திரையும் அது அளக்கப்பட்ட கணத்தைக் காட்ட வேண்டுமே ஒழிய, கணினிக்கு வந்து சேர்ந்த கணத்தை அல்ல. வினாடிக்கு 1 ரேடியன் வேகத்தில் திரும்பும் ரோபோவில் லைடார் தரவு 50 மில்லிவினாடி தாமதமாக முத்திரையிடப்பட்டால், அது 0.05 ரேடியன் பிழை, அதாவது ஏறத்தாழ 2.9 டிகிரி. ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் சுவரை அது 25 சென்டிமீட்டர் நகர்த்திக் காட்டும். வேறு எந்த அமைப்பை மாற்றியும் இதை ஈடுசெய்ய முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆர்ஓஎஸ்ஸின் காட்சி நிரலான ஆர்விஸ் திரையில் நிலையான ஃபிரேமாக ஓடத்தை வைத்து, லைடார் புள்ளிகள் 20 வினாடி வரை அழியாமல் இருக்குமாறு அமையுங்கள். ரோபோவை நின்ற இடத்திலேயே சில சுற்று இடஞ்சுழியாகவும், பின்னர் அதே வேகத்தில் வலஞ்சுழியாகவும் திருப்புங்கள். சுவர் ஒரே மெல்லிய கோடாக இருந்தால் நல்லது. இரண்டு திசைகளுக்கும் இரண்டு தனித்தனிக் கோடுகள் தோன்றி, ரோபோ நின்றதும் புதிய புள்ளிகள் அவ்விரண்டுக்கும் நடுவே விழுந்தால் அது நேரப் பிழை. மேற்சொன்ன 50 மில்லிவினாடித் தாமதத்தில் அந்த இரு கோடுகளும் 5.7 டிகிரி விலகி நிற்கும். அதற்கு மாறாக, சுற்றுக்குச் சுற்று சுவர் நகர்ந்துகொண்டே போய், ரோபோ நின்ற பின்னும் நகர்ந்த இடத்திலேயே இருந்தால் கோளாறு ஓடோமெட்ரியில். அதற்கு அடுத்த படிதான் மருந்து.

இரண்டு கணினிகள் இருந்தால் குரோனி நிரல் கொண்டு கடிகாரங்களை ஒத்திசைத்துவிடுங்கள். லைடார் பிடிபி என்னும் நேர ஒத்திசைவு நெறிமுறையை ஏற்குமானால் அதுவே மேல். வினாடிக்கு 10 சுற்று சுழலும் லைடாரில் ஒரு சுற்றின் முதல் கதிருக்கும் கடைசிக் கதிருக்கும் இடையே 100 மில்லிவினாடி கடந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ரோபோ வேகமாகத் திரும்பும் வேலையாக இருந்தால், ஒவ்வொரு கதிரையும் அதற்குரிய கணத்துக்கு ஏற்ப நேராக்கும் படி ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

லைடார் தரவு திரையில் தோன்றவே இல்லையென்றால் நேரத்தைக் குறை சொல்லும் முன் கியூஓஎஸ் என்னும் தரவுப் பரிமாற்ற அமைப்பைப் பாருங்கள். அனுப்புபவர் ‘பெஸ்ட் எஃபர்ட்’ என்றும் பெறுபவர் ‘ரிலையபிள்’ என்றும் இருந்தால் இருவருக்கும் இடையே தொடர்பே ஏற்படாது.

4. சக்கர ஓடோமெட்ரியின் அளவுத்திருத்தம்

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இதைத் தவிர்த்தவர்கள் பின்னர் பல வாரங்களைச் செலவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எண்ணிக்கையை உறுதிசெய்யுங்கள். சுற்றுக்கு 500 கோடுகள் கொண்ட என்கோடர், இரு தடங்களின் ஏற்ற இறக்கங்கள் அனைத்தையும் எண்ணும்போது 2000 எண்ணிக்கை தரும். பல்சக்கர விகிதம் அதற்கு மேல். சக்கரத்தைக் கையால் சரியாகப் பத்துச் சுற்று சுற்றி, எதிர்பார்த்த எண் வருகிறதா என்று பார்த்தால் போதும். 16 பிட் எண்ணிக்கை 65535-ஐத் தாண்டிப் பூஜ்யத்துக்குத் திரும்புவதை நிரல் கையாளவில்லை என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரோபோ திடீரென்று பல மீட்டர் பின்னால் பாய்ந்ததாகக் காட்டும்.

அடுத்தது நேர்கோடு. தரையில் 10 மீட்டருக்கு மேல் நீளமாக டேப் ஒட்டி, ரோபோவின் மையத்தைத் தொடக்கக் குறியின் மீது தூக்குக்குண்டால் நிறுத்துங்கள். வினாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் ஓட்டி நிறுத்திய பின் ஓடோமெட்ரி காட்டும் தூரத்தையும் நாடா காட்டும் தூரத்தையும் ஒப்பிடுங்கள். ஓடோமெட்ரி 10 மீட்டர், நாடா 9.83 மீட்டர் என்றால் விட்டத்தை 0.983-ஆல் பெருக்க வேண்டும். தரவுத்தாளில் 150 மில்லிமீட்டர் எனப்படும் சக்கரம் உண்மையில் 147.45 மில்லிமீட்டராக உருள்கிறது என்று பொருள். ரப்பர் சுமையில் அமுங்குவதால் இப்படி ஆகிறது. எனவே பேட்டரியும் வழக்கமான சுமையும் ஏற்றிய நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

அதன் பின் சுழற்சி. ரோபோவின் முன்விளிம்புக்கு நேரே தரையில் ஒரு குறியிட்டு, ஓடோமெட்ரி 3600 டிகிரி காட்டும் வரை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். குறியை அடைய இன்னும் 72 டிகிரி பாக்கி என்றால் ரோபோ உண்மையில் 3528 டிகிரிதான் சுற்றியிருக்கிறது. சக்கர இடைவெளியை 400 மில்லிமீட்டர் என்று கொடுத்திருந்தால் அதை 3600/3528-ஆல் பெருக்க 408.2 மில்லிமீட்டர் வரும். விட்டத்தைத் திருத்தாமல் இடைவெளியைத் திருத்தினால், முதலாவதன் பிழை இரண்டாவதற்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். சுழற்சிக் கோணம் இரண்டு சக்கரங்கள் உருண்ட தூர வேறுபாட்டை இடைவெளியால் வகுத்துப் பெறப்படுவதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மூன்றாவதாக, 4 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாதையை வலஞ்சுழியாக ஐந்து முறையும் இடஞ்சுழியாக ஐந்து முறையும் ஓட்டி, தொடங்கிய இடத்துக்கும் திரும்பிய இடத்துக்கும் உள்ள விலகலை ஒவ்வொரு முறையும் ஓடோமெட்ரியோடு ஒப்பிடுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரென்ஸ்டைன், ஃபெங் ஆகியோர் உருவாக்கிய யுஎம்பிமார்க் என்னும் முறை இது. இரு திசைகளும் ஏன் என்றால், இடது வலது சக்கர விட்டங்கள் சமமின்மையால் வரும் பிழையும், இடைவெளிப் பிழையும் ஒரு திசையில் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டு, மறு திசையில் கூடிவிடும். ஒரு திசையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிழையே இல்லை என்று மகிழ்ந்தவரின் ரோபோ, மறு திசையில் அரை மீட்டர் தள்ளிப் போய் நின்றதை அருகிலிருந்து பார்த்தேன்.

5. ஐஎம்யூவைச் சேர்த்தல்

சக்கரம் வழுக்கினால் ஓடோமெட்ரி ஏமாறும், ஐஎம்யூவில் சுழல்வேகத்தை அளக்கும் கைரோ ஏமாறாது. ஆனால் கைரோவுக்குச் சாய்வுப் பிழை உண்டு, அதாவது அசையாமல் நிற்கும்போதும் அது சிறிது சுழல்வேகத்தைக் காட்டும். வினாடிக்கு 0.1 டிகிரி என்ற சிறிய சாய்வே ஒரு நிமிடத்தில் 6 டிகிரி ஆகிவிடும். ஆகவே ரோபோ இயங்கத் தொடங்கியதும் சில வினாடிகள் அசையாமல் நின்று, அந்தச் சராசரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் யாராவது ரோபோவைத் தொட்டால் அன்றைய ஓட்டம் முழுவதும் கெட்டுவிடும். இதற்காகவே விளக்கு ஒன்றை எரியவிடுவது என் வழக்கம்.

ரோபோட்_லோக்கலைசேஷன் தொகுப்பின் ஈகேஎஃப் வடிகட்டியில் ஒவ்வொரு உணரிக்கும் 15 ‘ஆம்/இல்லை’ மதிப்புகள் உண்டு: இடம் மூன்று, கோணம் மூன்று, நேர்வேகம் மூன்று, சுழல்வேகம் மூன்று, முடுக்கம் மூன்று. சக்கரத்திலிருந்து முன்னோக்கிய வேகத்தையும், ஐஎம்யூவிலிருந்து செங்குத்து அச்சுச் சுழல்வேகத்தையும் எடுத்தால் தொடக்கத்துக்குப் போதும். பக்கவாட்டு வேகம் பூஜ்யம் என்பதையும் ஓர் அளவீடாகக் கொடுத்தால், ரோபோ பக்கவாட்டில் நகராது என்பது வடிகட்டிக்குத் தெரிந்துவிடும். சமதள நகர்வை மட்டும் கணக்கில் எடுக்கும் ‘டூ_டி_மோட்’ அமைப்பை இயக்கிவிடுங்கள்.

சக்கரத்திலிருந்து இடத்தையும் வேகத்தையும் ஒருசேரக் கொடுப்பது பரவலான தவறு. இரண்டும் ஒரே எண்ணிக்கையிலிருந்து பிறந்தவை. ஒரே சாட்சியை இரு முறை விசாரித்து இரண்டு சாட்சிகள் என்று கணக்கெழுதுவது போன்றது அது. ஓர் அளவீட்டைப் பயன்படுத்த விரும்பவில்லை என்றால் அதன் கோவேரியன்ஸை (நிச்சயமின்மையின் அளவை) மிகப் பெரிய எண்ணாக்கிச் சமாளிக்காமல், ‘இல்லை’ என்று அணைத்துவிடுங்கள். கட்டடத்துக்குள் காந்தமானியின் திசையை நம்ப வேண்டாம். மோட்டார்களும் கான்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பிகளும் அதைத் திசைதிருப்பிவிடும்.

6. வரைபடம் எடுத்தல்

ரோபோ ஓட ஓட வரைபடம் வரையும் ஸ்லாம் டூல்பாக்ஸ் தொகுப்பு இதற்குப் போதுமானது. மெதுவாக ஓட்டி, முதலில் ஒரு சிறிய வளையத்தை மூடி (தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து), பின்னர் பெரிய வளையங்களுக்குச் செல்லுங்கள். வளையம் மூடும்போதுதான் சேர்ந்திருந்த பிழை களையப்படுகிறது. அதைத் தள்ளிப்போட்டால் சேரும் பிழையின் அளவு, சரியான பொருத்தத்தைத் தேடும் எல்லையையே தாண்டிவிடக் கூடும். முடிந்ததும், நீளமான ஒரு சுவரை நாடாவால் அளந்து வரைபடத்தின் நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

சேமித்த படத்தின் பிக்சல் மதிப்புகளில் 0 தடை, 254 காலியிடம், 205 அறியப்படாத பகுதி. நாற்காலி போன்ற நகரும் பொருள்களைப் படத்திருத்தியில் அழிக்கலாம். ஆனால் படத்தின் இடப்புறத்தையோ கீழ்ப்புறத்தையோ வெட்டினால், படத்தோடு வரும் யாமல் கோப்பில் உள்ள தொடக்கப் புள்ளி தவறாகிவிடும்; அது கீழ் இடது மூலைப் பிக்சலின் இடத்தைக் குறிப்பது. மேற்புறத்தையும் வலப்புறத்தையும் வெட்டுவதால் தொல்லை இல்லை.

7. இப்போதுதான் துகள் வடிகட்டி

ஆர்ஓஎஸ் 2-க்கான வழிசெலுத்தல் தொகுப்பான நாவ்2-இல் உள்ள ஏஎம்சிஎல் என்னும் துகள் வடிகட்டி, ரோபோ இருக்கக்கூடிய இடங்களைப் பல துகள்களாக வைத்துக்கொண்டு, லைடார் காட்சியோடு பொருந்துபவற்றைப் பெருக்கி, பொருந்தாதவற்றைக் கைவிடுகிறது. தொடக்க இடம் தரப்படும் வரை மேப்–ஓடம் இணைப்பை அது வெளியிடாது என்பதை அறியாமல் ‘மேப் ஃபிரேமே இல்லை’ என்ற எச்சரிக்கையோடு மணிக்கணக்கில் போராடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆல்ஃபா எண்கள் ஓடோமெட்ரியை எவ்வளவு சந்தேகிப்பது என்பதைச் சொல்கின்றன. ஆல்ஃபா 1 திரும்புவதால் கோணத்தில் வரும் சிதறல். ஆல்ஃபா 2 நகர்வதால் கோணத்தில் வருவது. ஆல்ஃபா 3 நகர்வதால் தூரத்தில் வருவது. ஆல்ஃபா 4 திரும்புவதால் தூரத்தில் வருவது. எல்லாமே 0.2 என்ற மதிப்போடு வருகின்றன. நான்காம் படியை ஒழுங்காக முடித்திருந்தால் இவற்றைக் குறைக்கலாம். சதுர ஓட்டங்களில் கிடைத்த சிதறலே இதற்கு வழிகாட்டி. பூஜ்யத்துக்கு அருகே கொண்டுபோனால் துகள்கள் ஒரே புள்ளியில் குவிந்து, தவறியபின் மீள வழி இல்லாமல் போகும்.

லைடாரில் நூற்றுக்கணக்கான கதிர்கள் இருக்க, ‘மேக்ஸ்_பீம்ஸ்’ ஏன் 60 என்று குறைவாக இருக்கிறது என்று எண்ணி அதை உயர்த்துவது இன்னொரு தவறு. அடுத்தடுத்த கதிர்கள் ஒரே சுவரைத்தான் தொடுகின்றன. அவற்றின் பிழைகள் தனித்தனியானவை அல்ல. அவற்றைத் தனித்தனி ஆதாரங்களாக எண்ணும் வடிகட்டி, தகுதிக்கு மீறிய உறுதியோடு ஓரிடத்தில் நிலைத்துவிடும்.

8. பதிவுசெய்த தரவில் ஒப்பிடுதல்

அமைப்பை மாற்றி, ரோபோவை மீண்டும் ஓட்டி, முன்பைவிடப் பரவாயில்லை என்று சொல்வது ஆய்வாகாது. இரண்டு ஓட்டங்களும் ஒன்றல்ல. ஒரே ஓட்டத்தை ராஸ்பேக் கோப்பாகப் பதிந்து, அதன்மீது ஒவ்வொரு தடவையும் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். செயலாக்கிய ஓடோமெட்ரியை மட்டுமல்லாமல் என்கோடரின் மூல எண்ணிக்கையையும் பதியுங்கள். சக்கர விட்டம் தவறென்று பின்னர் தெரிந்தாலும் பதிவு வீணாகாது.

மீண்டும் ஓட்டும்போது எல்லா நிரல்களிலும் பதிவின் நேரத்தைப் பின்பற்றச் செய்யும் ‘யூஸ்_சிம்_டைம்’ இயக்கப்பட வேண்டும், கோப்பையும் கடிகாரத்தை வெளியிடும் தெரிவோடு ஓட்ட வேண்டும். பதிவிலுள்ள பழைய மேப்–ஓடம் இணைப்பை நாம் முதலில் நீக்காவிட்டால், புதிய ஏஎம்சிஎல் வெளியிடுவதோடு அது மோதும்.

உண்மையான இடத்தை அறிய அசைவுப் பதிவு கேமராக்கள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தரையில் பத்துப் பன்னிரண்டு குறிகளை நாடாவால் அளந்து ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் ரோபோவை நிறுத்தித் தூக்குக்குண்டால் விலகலை அளந்தால் போதும். இவ்வாறு கிடைக்கும் நேரங்களையும் இடங்களையும் ஈவோ போன்ற கருவியில் கொடுத்தால் ஏடிஇ எனப்படும் முழுப்பாதைப் பிழையும், ஆர்பிஇ எனப்படும் துண்டுவாரிப் பிழையும் கிடைக்கும். ஓடோமெட்ரியை மதிப்பிட இரண்டாவதுதான் பொருத்தமானது.

இரண்டு பாதைகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் தெரிவு இக்கருவியில் உண்டு. ஓடோமெட்ரிக்கு அது தேவை, ஏனெனில் அதன் தொடக்கப் புள்ளி நாம் வைத்ததுதான். தெரிந்த வரைபடத்துக்குள் இடமறிதலைச் சோதிக்கும்போதோ அதைப் பயன்படுத்தக் கூடாது. எல்லா இடத்திலும் 10 சென்டிமீட்டர் தள்ளிக் காட்டும் அமைப்பின் பிழையைப் பூஜ்யமாக்கிக் காட்டிவிடும்.

துகள் வடிகட்டியில் தற்செயல் எண்கள் இருப்பதால் ஒரே கோப்பை இரு முறை ஓட்டினால் இரு விடைகள் வரும். ஒவ்வோர் அமைப்பையும் குறைந்தது பத்து முறை ஓட்டி, சராசரியோடு திட்ட விலக்கத்தையும் சொல்லுங்கள். சொந்தமாகக் கால்மன் வடிகட்டி (ஈகேஎஃப் இதன் ஒரு வகை) எழுதுபவர்கள் அதன் தன்னம்பிக்கையையும் சோதிக்க வேண்டும்: இரண்டு அளவுகள் கொண்ட அளவீட்டில், எதிர்பார்ப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அதன் கோவேரியன்ஸால் எடையிட்டு வர்க்கமாக்கினால், நூற்றுக்கு 95 முறை அது 5.99-க்குள் இருக்க வேண்டும். அடிக்கடி அதைத் தாண்டினால் வடிகட்டிக்கு அளவு கடந்த நம்பிக்கை. ஒருபோதும் நெருங்காவிட்டால் வீணான அச்சம்.

9. வேண்டுமென்றே தோற்கடித்தல்

இயங்கிக்கொண்டிருக்கும் ரோபோவைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டு, அது தன் தவறை உணர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஏஎம்சிஎல்லில் ‘ரெகவரி_ஆல்ஃபா’ எண்கள் இரண்டும் பூஜ்யமாகவே வருகின்றன. அந்நிலையில் புதிய துகள்களைத் தூவும் வேலை நடக்காது. அவற்றை இயக்கினால் மீளும் வாய்ப்பு உண்டு, ஆனால் ஆட்கள் சூழ்ந்து லைடாரை மறைக்கும்போது நல்ல இடத்திலிருந்தே தாவிச் செல்லும் ஆபத்தும் உண்டு. என் அனுபவத்தில் அவற்றை அணைத்தே வைத்து, துகள்களின் பரவல் ஓர் எல்லையைத் தாண்டியதும் ரோபோவை நிறுத்திவிடுவது பாதுகாப்பானது.

கண்ணாடிச் சுவர் உள்ள இடத்தில் கதிர்கள் ஊடுருவிச் செல்வதால், வரைபடத்தில் அது விட்டுவிட்டுத் தெரியும். அங்கே பொருத்தத்தை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு நீண்ட நடைவழி. கதவுகள் மூடிய, இருபுறமும் வழுவழுப்பான சுவர் மட்டுமே உள்ள நடைவழியில் லைடாருக்கு அகலம் தெரியும், நீளம் தெரியாது. அங்கே ஓட்டும்போது துகள்கள் நடைவழியின் நீளவாட்டில் ஒரு கோடாகப் பரவி, கோடியை அடைந்ததும் மீண்டும் குவிய வேண்டும். பரவாமல் ஒரே புள்ளியாகவே இருந்தால், வடிகட்டிக்குத் தெரியாததைத் தெரிந்ததாக அது காட்டுகிறது என்று பொருள். ஏழாம் படிக்குத் திரும்பி, ஆல்ஃபா 3-ஐயும் கதிர்களின் எண்ணிக்கையையும் மறுபடி பாருங்கள்.